ஒற்றைப் பிக்சலில் விக்ரம்

2019 செப்டம்பர் 7 அதிகாலை, நிலவில் இறங்கும் கடைசிக் கட்டத்தில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டரோடு தொடர்பு அறுந்தது. பத்து நாள் கழித்து, நாசாவின் எல்ஆர்ஓ விண்கலம் அந்தப் பகுதியைப் படமெடுத்தது. பொதுவில் வெளியான அந்தப் படத்தைப் பலரும் இறக்கி விக்ரமைத் தேடித் துழாவினார்கள். சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதில் ஒரு வெளிச்சப் புள்ளியைச் சுட்டிக்காட்டினார். அது ஒரே ஒரு பிக்சல்.

அந்தப் படத்தின் ஒரு பிக்சல், நிலவின் தரையில் 1.3 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதற்குள் கல், குழி, உலோகத் தகடு என்று எது கிடந்தாலும் எல்லாம் கலந்து ஒரே வெளிச்சமாகத்தான் பதிவாகும். எவ்வளவு நெருங்கிக் கிடக்கும் இரண்டு பொருள்களை ஒரு படம் தனித்தனியே காட்டுகிறது என்பதே அதன் பிரிதிறன். ஃபோனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் கட்டம்தான் பெரிதாகும். கேமரா பிரிக்காத விவரம் அதில் புதிதாக முளைக்காது.

ஆகவே அந்தப் புள்ளி ஒரு துப்பு மட்டுமே. கேமராவின் மின்னிரைச்சல்கூட அப்படி ஒரு பிக்சலை ஒளிரவைக்கும். அதே இடத்தின் பழைய படத்தில் அந்தப் புள்ளி இல்லை என்பதுதான் அதற்கு வலுச் சேர்த்தது. நவம்பர் 11இல் எல்ஆர்ஓ மறுபடி எடுத்த படத்தில் பிக்சலின் பக்கம் 0.7 மீட்டர். முன்பு ஒரு பிக்சல் அடைத்திருந்த இடத்தில் இப்போது மூன்றுக்கும் மேல். விக்ரம் தரையில் மோதிய குழியும் சிதறிய மண்ணும் தெளிந்தன. பெரிய சிதைவுகள் மூன்றும் இரண்டுக்கு இரண்டு பிக்சல் அளவில் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிக்சல் நிழல். எனக்கு அந்த நிழல்தான் முக்கியமாகப் படுகிறது. தரையில் படிந்த வெளிர்மண்ணுக்கு நிழல் விழாது. எழும்பி நிற்கும் பொருளுக்கே விழும். சண்முக சுப்பிரமணியன் கண்ட துண்டு, மோதிய இடத்திலிருந்து வடமேற்கே சுமார் 750 மீட்டரில் கிடந்தது. டிசம்பரில் நாசா அவர் பெயரைச் சொல்லியே இதை அறிவித்தது.

அப்படியானால் எப்போதும் நுணுக்கமாகவே எடுக்கலாமே? பிக்சலின் பக்கத்தைப் பாதியாக்கினால், அதே பரப்புக்கு நான்கு மடங்கு தரவு சேரும். ஒரே நேரத்தில் பார்க்கும் அகலமும் குறுகும். எல்ஆர்ஓவின் அகலக்கோணக் கேமராவுக்கு ஒரு பிக்சல் ஏறக்குறைய 100 மீட்டர். நிலவு முழுவதையும் வரைபடமாக்க அது போதும். விக்ரம் அதில் தடமின்றி மறைந்துவிடும். சந்திரயான்-2 சுற்றுகலத்தின் கேமரா 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 25 சென்டிமீட்டர் வரை பிரித்துக் காட்டும்; ஆனால் ஒரு தடவைக்கு அதன் பார்வையில் அடங்குவது 3 கிலோமீட்டர் அகலப் பட்டைதான். சந்திரயான்-3 இறங்குமிடத்தின் பாறைகளையும் குழிகளையும் ஆராய இஸ்ரோ நம்பியது அந்தக் குறுகிய பட்டைகளைத்தான்.