குதிரை மாத்திரை தின்று குலை வெட்டுவதா?



சம்சுவால் கெட்ட குடும்பங்களைப் பற்றி இந்தப் பகுதியில் பலமுறை எழுதியாகிவிட்டது. இன்று எழுதப்போவது குடிக்காத பிள்ளைகளைப் பற்றி. வாயில் வாடை வராது, தள்ளாட்டம் இருக்காது. விடியற்காலைப் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பான். "எம்புள்ள பேய் மாதிரி வேல செய்றான்" என்று தாய்க்கும் பெருமை.

அந்தப் பேய் எது என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

தூளாக வந்தால் ஷாபு. மாத்திரையாக வந்தால் 'பில் குடா', அதாவது குதிரை மாத்திரை. இரண்டிலும் இருப்பது மெத்தம்பெட்டமின் என்னும் ஒரே சரக்குதான். "தம்பி, இதப் போட்டா ரெண்டு ஆளு வேலைய ஒரு ஆளே செஞ்சிடலாம்" என்றுதான் விற்கிறவன் சொல்லுவான். டன் கணக்கில் கூலி வாங்கும் இளைஞனுக்கு இதைவிட இனிப்பான பேச்சு உண்டா?

ஆனால் அது புதிதாகத் தெம்பு எதையும் கொண்டுவருவதில்லை. பசி, களைப்பு, தூக்கம் மூன்றும் உடம்பு அடிக்கும் மணி. அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடுகிறது, அவ்வளவே. நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், உடற்சூடு ஏறும். உச்சி வெயிலில் நீளக் கம்பு அரிவாளைத் தூக்கிக் குலை தள்ளுகிறவனுக்குத் தாகமும் சோர்வும் தெரியாமல் போனால் என்ன ஆகும்? சுருண்டு விழுவான். இளம் வயதிலேயே மாரடைப்பும் வரலாம். மருந்து இறங்கியதும் நாள் கணக்கில் தூக்கம். அந்த நாள் கூலியும் போச்சு! தொடர்ந்து போட்டால் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கும், பெற்ற தாய் மேலேயே சந்தேகம் வரும். உடனே பூசாரியைத் தேடி ஓடுகிறோம். ஓட வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. பிள்ளை என்ன போட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்கவும் கூடாது.

கெத்தும் தண்ணியை "பச்சிலைதானே" என்று சொல்கிறவர்களும் உண்டு. 2003 முதல் அது நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிறது. இருமல் மருந்தைக் கலந்து குடித்தால் மூச்சே அடங்கிப் போகலாம்.

"கூட்டாளி குடுத்தான், பையில வச்சிருந்தேன்" என்பது கோர்ட்டில் எடுபடாது. ஷாபு 50 கிராமைத் தொட்டால் கடத்தல் என்றே சட்டம் கருதும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது உண்மை. தூக்கு அடியோடு போய்விடவில்லை.

ஹெராயின் பழக்கத்துக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் மெத்தடோன் கொடுக்கிறார்கள். ஷாபுவுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. ஆலோசனையும் பொறுமையும் காலமும்தான். பிடிபடும்வரை காத்திராமல் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தில் தானாகவே போய்ச் சிகிச்சை கேட்கலாம். வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்கலாம்.

நிர்வாகத்தாருக்கும் ஒரு வார்த்தை. குலை குவியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பையன் விழுந்த மறுநாளே வேலையை விட்டு நிறுத்துவது என்ன நியாயம்? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 14ஆம் பிரிவுப்படி, ஒழுங்கீனம் என்று நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடத்தியாக வேண்டும். அப்படிக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடாமல் நம் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள். சம்பளச் சீட்டையும் கூடவே கொண்டுவாருங்கள்.