14,640 மிதிகள்: குழித்தறிக்கு எந்தக் கால் சுவிட்ச்?

ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஒரு பட்டுச் சேலையின் நீளம் 6.2 மீட்டர், அதாவது 244 அங்குலம். அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால் சேலைக்கு 14,640 ஊடை. உடலெங்கும் புட்டா உள்ள சேலையில் ஊடைக்கு ஒருமுறை ஜக்கார்டு பெட்டியைத் தூக்க வேண்டும் என்பதால் மிதியும் 14,640. மிதிக்கு 10 கிலோ என்று கொண்டால் ஒரு சேலைக்குக் கால் தருவது 146.4 டன். பெரிய காஞ்சிபுரத்தில் ஜக்கார்டைத் தூக்க மோட்டார் தேடப்படுவதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. அடர்த்தியும் பளுவும் தறிக்குத் தறி மாறும். கீழுள்ள கணக்குகள் இந்த அனுமானங்களின் மேல் நிற்பவை.

சேலைக்கு 10 நாள், ஆண்டுக்கு 300 வேலை நாள் எனில், நாளுக்கு 1,464 மிதி, 8 மணி நேர வேலையில் மணிக்கு 183. கால் குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். தொடங்கும்போது அதன் 5 அல்லது 6 மடங்கு, அதாவது 10 முதல் 12 ஆம்பியர். இந்த மோட்டாரை நேரே போட்டு அணைக்கும் கால் சுவிட்சின் மேல் பொறித்திருக்கும் ‘10 ஆம்பியர், 250 வோல்ட்’ பெரும்பாலும் ஹீட்டர் போன்ற சுமைக்கான அளவு. காயில் சுமைக்கு, ஏ300 வகைத் தொடுமுனை 240 வோல்ட்டில் 3 ஆம்பியரைத்தான் துண்டிக்கும். அதைவிடப் பெரிய தடை தொடக்க எண்ணிக்கை: கெப்பாசிட்டர் மோட்டாரை மணிக்கு 20 முறைக்கு மேல் போட்டு அணைக்கக் கூடாது என்பது பணிமனை வழக்கு. 183 அதன் 9 மடங்கு. ஆகவே மோட்டாரை ஓடவிட்டு, சுவிட்சால் கிளட்சை மட்டும் இயக்குவதே கணக்குக்கு ஒத்துவரும்.

ஓடவிட்டால் மின்சாரம்? உள்ளீடு 300 வாட் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், இரு மாதத்தின் 50 வேலை நாளுக்கு 120 யூனிட். பளுவின்றி ஓடும் நேரத்தில் இழுவை குறையும் என்பதால் இது உச்ச மதிப்பு. தமிழகத்தில் கைத்தறி நெசவாளருக்கான இலவச மின்சாரம் இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்து 2023-இல் 300 ஆனது. பழைய அளவில் மோட்டார் மட்டுமே 60 சதவீதத்தை எடுத்திருக்கும். இப்போது 40 சதவீதம்.

ஆண்டுக்கு 4,39,200 மிதி. சாதாரண மைக்ரோ சுவிட்ச் ஒன்றின் மின் ஆயுள் முழுச் சுமையில் 5 லட்சம் இயக்கம் எனில், அது 1.14 ஆண்டில் தீரும். அதே சுவிட்ச் 24 வோல்ட், 1 ஆம்பியருக்குக் குறைந்த கிளட்ச் காயிலை மட்டும் இயக்கினால், தீப்பொறி அடக்கும் டயோடு இருக்கும்வரை, ஆயுள் இயந்திர எல்லையை நெருங்கும். அது 1 கோடி என்றால் 22.8 ஆண்டு. விலை ஒன்றே, வேறுபாடு 20 மடங்கு.

கோர்வைச் சேலையில் இந்தக் கணக்கு சிக்கலாகிறது. உடலுக்கும் இரு கரைக்கும் மூன்று நாடா ஓடி முடியும்வரை பாவு திறந்தே இருக்க வேண்டும். சேலைக்கு 15 நாள் எனில் நாளுக்கு 976 மிதி. ஒவ்வொன்றையும் 8 விநாடி அழுத்திப் பிடித்தால் 7,808 விநாடி, அதாவது 2 மணி 10 நிமிடம் கால் இறங்கியே இருக்கும். ஒருமுறை மிதித்தால் தூக்கி, மறுமுறை மிதித்தால் இறக்கும் வகை இந்தப் பிடிப்பை நீக்கும். ஆனால் மிதி நாளுக்கு 1,952 ஆகும், ஆண்டுக்கு 5,85,600. 1 கோடி ஆயுளில் அதற்கும் 17 ஆண்டு உண்டு. கோர்வைக்கு இந்த இரட்டை மிதி வகையே தகும் என்று படுகிறது. பவர் பிரஸ்ஸுக்கென வார்ப்பிரும்பு மூடியோடு வரும் பெடலுக்கு இங்கே வேலையில்லை. நசுக்கும் அச்சும் இல்லை, காலில் செருப்பும் இல்லை.

வெறுங்கால் என்பதால்தான் வோல்ட் முக்கியம். ஈர உடலின் தடை 1,000 ஓம் எனில், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். 24 வோல்ட்டில் 24. 12 வோல்ட்டில் 12. ஐபி 67 தரம் 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்குவதற்கான சோதனை. ஐப்பசி மழையில் தறிக் குழிக்குள் 10 மணி நேரம் தண்ணீர் நின்றால் அது 20 மடங்கு. எனவே ஐபி 67-ஐ வாங்கினாலும், பிளக்கைக் கழற்றி மேலே எடுத்துவைக்கும்படி பொருத்த வேண்டும்.

தறிக் கருவிகளுக்கான எச்.எஸ்.எஸ். திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 90 சதவீதம், பயனாளியின் பங்கு 10. பின்னாளில் மாற்றும் சுவிட்சுக்கு இந்தப் பங்கீடு கிடைக்காது என்று கொண்டால், அதன் விலை 1,500 ரூபாய் எனில் முழுதும் நெசவாளரின் கையிலிருந்து போகும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவுக் குடும்பங்களில் சுமார் 66 சதவீதத்தின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. 5,000-இல் 1,500 என்பது 30 சதவீதம்; சுவிட்சை முழுச் சுமையில் இயக்கினால் 1.14 ஆண்டுக்கு ஒருமுறை.