ஈயம் பிழைக்கிறது, இரும்பு ஏன் கரைகிறது?

பழைய காரின் பானட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். அதன் முனைகளில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகத் தூள் பூத்திருக்கும். பேட்டரியைத் தாங்கும் இரும்புத் தட்டில் சாயம் உரிந்து துருவேறியிருக்கும். ஆனால், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் அதே அமிலத்தில் பல ஆண்டுகள் மூழ்கியிருந்தும் கரைந்துபோவதில்லை. ஓர் உலோகத்தை அரிக்கும் அமிலம் இன்னோர் உலோகத்தை விட்டுவைப்பது ஏன்?

பேட்டரி அமிலம் என்பது நீர் கலந்த கந்தக அமிலம். முழுமையாக மின்னேற்றிய கார் பேட்டரியில், ஒரு கிலோ திரவத்தில் ஏறக்குறைய 370 கிராம் அமிலம் இருக்கும், மீதி நீர். பார்வைக்குத் தண்ணீர் போலவே தெரியும். ஆனால், ஒரு லிட்டரின் எடை சுமார் 1.28 கிலோ.

இந்த அமிலம் இரும்பில் பட்டால் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும்; இரும்பு சல்பேட் என்ற உப்பு உண்டாகும். இந்த உப்பு நீரில் கரையக்கூடியது. அது கரைந்து விலக விலக, அடியில் உள்ள புதிய இரும்பு அமிலத்துக்கு இரையாகிறது. ஈயத்தில் உண்டாகும் ஈய சல்பேட்டோ நீரில் கரைவதே அரிது. அது உலோகத்தின் மேல் சட்டை போலப் படிந்து, அமிலம் மேலும் உள்ளே செல்லாமல் தடுக்கிறது.

படிவம் 4 மாணவர்களுக்கு ஒரு புதிர்: நீர் மிகக் குறைந்த, 98 விழுக்காடு அடர் கந்தக அமிலத்தை எஃகுத் தொட்டிகளில்தான் ஏற்றிச் செல்கிறார்கள். அது எப்படி? இரும்பு சல்பேட்டைக் கரைக்க அங்கே போதிய நீர் இல்லை. அதனால் அந்த உப்பே எஃகுக்குக் கவசமாகிறது. நீர் சேர்ந்தால் கவசம் கரைந்துவிடும்.

முனைகளில் பூக்கும் தூளுக்கும் காரணம் உண்டு. மின்னேற்றும்போது எழும் வாயுக் குமிழ்கள் நுண்ணிய அமிலத் துளிகளைச் சுமந்து வெளியேறுகின்றன. அவை ஈய முனையில் வெண்ணிற ஈய சல்பேட்டை உண்டாக்குகின்றன. செம்புக் கம்பியில், காற்றிலுள்ள ஆக்சிஜனின் உதவியோடு, நீல நிறச் செம்பு சல்பேட் உருவாகிறது.

இந்த அமிலத்தை அடைத்துவைப்பது ஒரு காலத்தில் பினாங்கில் உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் ஜார்ஜ்டவுனின் சுவெட்டன்ஹாம் துறைமேடை நீர்மூழ்கிக் கப்பல்களின் தளமாக இருந்தது. 1943 ஆகஸ்டில் ஜெர்மனியின் யு-178 இங்கே வந்து சேர்ந்தது. கடலுக்கு அடியில் டீசல் இயந்திரத்துக்குக் காற்று கிடைக்காது. அதனால் அங்கே கப்பலை ஓட்டியவை ஈய-அமில பேட்டரிகளே. அமிலம் சிந்தினால், கடலைத் தடுத்து நிற்கும் எஃகு உடல் அரிக்கப்படும். கடல்நீர் பேட்டரிக்குள் புகுந்தாலோ, அதிலுள்ள உப்பிலிருந்து குளோரின் என்ற நச்சு வாயு வெளிவரும்.

அன்று பேட்டரிப் பெட்டிகளுக்குக் கைகொடுத்தது எபோனைட். ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கடினப் பொருள் இது. நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் மரம் வெட்டிச் சேகரித்தார்களே, அந்தப் பால்தான் ரப்பரின் மூலப்பொருள். இன்று எபோனைட்டின் இடத்தை பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. சட்டையில் தெறித்த ஒரு துளி காய்ந்தால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். நீர் ஆவியாகும், அமிலம் ஆவியாகாது. துளி காயக் காய அடர்த்தி கூடித் துணியில் ஓட்டை விழும். தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மருத்துவமனைக்கும் செல்லுங்கள். தரையில் சிந்தியதன் மேல் சமையல் சோடாவைத் தூவினால், நுரைத்து அமிலத்தன்மை நீங்கும். மின்னேறும் பேட்டரி அருகே நெருப்பு வேண்டாம், ஹைட்ரஜன் வெடிக்கும்.

பழைய பேட்டரியை உடைத்து அமிலத்தைக் கால்வாயில் ஊற்றவே கூடாது. அந்த அமிலத்தோடு நச்சுத்தன்மையுள்ள ஈயமும் வெளியேறும். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் ஈய-அமில பேட்டரிகளை அட்டவணையிட்ட கழிவுகளில் சேர்த்துள்ளன. புதிய பேட்டரி வாங்கும்போது, பழையதை உடைக்காமல் பட்டறையிலேயே ஒப்படைத்துவிடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.