குடும்பமாக வாசிப்போம்: மறைபரப்பாளர்களின் வாழ்க்கை



அக்டோபர், செபமாலை மாதம், மறைபரப்பு மாதமும்கூட. மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கை தருகிறோம். மன்றாட்டில் மறைபரப்பாளர்களை நினைக்கிறோம். பிள்ளைகளுக்குச் சவேரியார் என்றும் அருளானந்தர் என்றும் பெயர் வைக்கிறோம். அந்தப் பெயருக்குரியவர் எப்படி வாழ்ந்தார் என்று பிள்ளை கேட்டால், திருவிழாவையும் தேரையும் தாண்டி நம்மால் என்ன சொல்ல முடியும்?

நமக்குக் கடவுளின் வார்த்தையை எடுத்துச் சொன்னவர்களை நினைவில் வைக்கவும், அவர்கள் வாழ்ந்து முடித்த விதத்தை எண்ணிப் பார்க்கவும், அவர்களது நம்பிக்கையைப் பின்பற்றவும் எபிரேயர் திருமுகம் (13:7) நம்மைக் கேட்கிறது. தெரியாத ஒருவரை எப்படி எண்ணிப் பார்ப்பது? ஆகவே வீட்டில் எல்லாரும் சேர்ந்து அவர்களது வாழ்க்கையை வாசிக்க வேண்டும்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா நான்கு வயதில் தாயை இழந்தார். தந்தை கடிகாரத் தொழில் செய்தவர். பிரான்சின் லிசியே நகரில் அவர்கள் வீட்டில் மாலை நேரத்தில் அக்காமார் ஒரு நல்ல நூலை உரக்க வாசிப்பார்கள், அப்பா பாடுவார், பிறகு குடும்ப செபம். இதைத் தெரேசாவே தம் தன்வரலாற்றில் நன்றியோடு நினைவுகூர்கிறார். 15 வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்த அவர் எந்த மறைபரப்பு நாட்டுக்கும் போனதில்லை. வியட்நாமில் 1861-இல் மறைசாட்சியாக உயிர் துறந்த தெயோபான் வெனாரின் வாழ்க்கையை வாசித்து, நோய்ப்படுக்கையில் அவரது படத்தை அருகில் வைத்துக்கொண்டார். 1897-இல் 24 வயதில் இறந்த அவரை, 1927-இல் திருத்தந்தை 11-ஆம் பயஸ் புனித சவேரியாரோடு சேர்த்து மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் பகுதிக் குடும்பங்கள் முதலில் வாசிக்க நான் பரிந்துரைப்பது புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கை. கோவாவில் 1651-இல் பிறந்த இந்தியர் அவர். இலங்கையின் கரையோரங்களை ஆண்ட டச்சுக்காரர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்தார்கள். குருக்கள் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். 1687-இல் அவர் ஏழைக் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையை யார் கண் அடையாளம் காண்கிறதோ, அந்த வீடு கத்தோலிக்க வீடு! தமிழும் சிங்களமும் பேசிப் பணியாற்றினார். 1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, பலர் அஞ்சி விலகிய நோயாளிகளைத் தம் கையால் பராமரித்தார். 1711-இல் இறந்தார்; 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

இதை வாசிக்கும் வீட்டில் கேள்விகள் எழும், எழட்டும். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலை தேடி வந்தவர்கள் நம்மில் பலர். மொழி தெரியாமல் வந்து இறங்கும் வடமாநில இளைஞர் நம் தெருவிலேயே வாடகைக்கு இருக்கிறார். பிச்சைக்காரராக வாசலில் நின்றவர் குருவானவர் என்று வாசித்த பிள்ளை, "அந்த அண்ணனோடு நாம் ஏன் பேசுவதில்லை?" என்று கேட்டால், அதற்குப் பெற்றோர் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. வரலாற்றை உள்ளபடியே வாசியுங்கள். வாஸ் அடிகளாரை ஒற்றர் எனச் சந்தேகித்துக் கண்டியில் சிறை வைத்தார்கள். பிறகு அவர் தடையின்றிப் பணிசெய்ய இடம் தந்தவர் புத்த சமயத்தைச் சேர்ந்த அதே கண்டி மன்னர். புனிதரை உயர்த்துவதற்காகப் பிற சமயத்தாரைத் தாழ்த்திப் பேசத் தேவையில்லை. புதுமைகளை மட்டும் சொல்லி, அவர் பட்ட பசியையும் நோயையும் மறைத்துவிட்டால், பிள்ளைக்கு அவர் எட்டாத ஆளாகிவிடுவார்.

"சாமி, அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவுக்குக் காலை ஷிப்ட், எப்போது சேர்ந்து உட்காருவது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் பத்து நிமிடம் போதும். இரண்டு பக்கம் பிள்ளை வாசிக்கட்டும். தாத்தா பாட்டி கேட்கட்டும். முடிவில் ஒரே கேள்வி: "இன்றைக்கு இவரிடம் உனக்குப் பிடித்தது எது? புரியாதது எது?" பெரியவர்கள் அங்கே பிரசங்கம் வைக்க வேண்டாம், அதற்கு நான் இருக்கிறேன். நேரம் ஒத்துவராத வாரத்தில், பிள்ளை வாசிப்பதை வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பட்டும். கம்பெனி பஸ்ஸில் வரும் அப்பா தன் மகளின் குரலில் அதைக் கேட்பார். விடுதியில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளே, அறைத்தோழர்கள்தான் இப்போது உங்கள் குடும்பம். நீங்களும் சேர்ந்து வாசிக்கலாம்.

வாஸ் அடிகளாரை முடித்ததும் அருளானந்தர், தேவசகாயம் என்று தொடருங்கள். குடும்ப செபத்தில் அவர்களது பெயரைச் சொல்லும்போது, நமக்குத் தெரிந்த ஒருவரை அழைப்பதுபோல் அழைப்போம். அவர்களை அனுப்பிய ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.