ஒட்டுக்கேட்கும் தெரு

மேடை ஊடல் – 7

தை 2, மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, படையலையும் முடித்துவிட்ட வேங்கிக்கால் குடும்பங்கள் சாயங்காலம் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிடும். வேலூர் ரோட்டில் ஷேர் ஆட்டோவில் இடம் கிடைக்காது. அத்தனை பேரும் போய் நிற்கும் இடம் திருவூடல் தெரு. அங்கே அன்றைக்கு அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் சண்டை.

சண்டைக்குக் காரணம் பிருங்கி முனிவர். சிவனைத் தவிர வேறு யாரையும் வணங்க மாட்டேன் என்று அம்மனை விலக்கிவிட்டு வலம் வந்தவர். அவருக்குப் போய் அருள் செய்வதா என்று அம்மனுக்குக் கோபம். மேளம் முழங்க, சுவாமியும் அம்மனும் எதிரெதிரே நெருங்கி வருவதும் விலகுவதுமாக இருக்கிறார்கள். இடையில் தூது போகிறவர் சுந்தரமூர்த்தி நாயனார். தூது பலிப்பதில்லை. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். சுவாமி அன்றிரவு குமரக் கோயிலில் தங்கி, மறுநாள் கிரிவலம் போய், பிருங்கிக்குக் காட்சி கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் மறுவூடல் என்னும் சமாதானம்.

அறுபத்து மூவர் இருக்க, இந்த வேலைக்குச் சுந்தரர் ஏன்? பெரிய புராணம் படித்தவர்களுக்கு இந்தப் பொருத்தம் உடனே பிடிபடும். சுந்தரரின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தபோது அவருக்காகத் தூது நடந்தவர் சிவபெருமான். திருவண்ணாமலையில் அந்தக் கடன் திரும்பிப் போகிறது.

அந்தக் கதையைச் சேக்கிழார் சொல்லும் விதம் முழு நாடகம். திருவாரூரில் பரவையாரை மணந்த சுந்தரர், திருவொற்றியூர் போன இடத்தில் சங்கிலியாரையும் மணக்க ஆசைப்படுகிறார். உன்னைப் பிரியேன் என்று சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடமே ரகசியமாகக் கேட்டுக்கொள்கிறார். சிவனும் சரி என்கிறார். பிறகு சங்கிலியாரின் கனவில் போய், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார்! தோழிகள் அப்படியே கேட்க, மாட்டிக்கொண்ட சுந்தரருக்கு வேறு வழியில்லை. பின்னால் அந்தச் சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்று ஊர் திரும்பினால், பரவையார் வீட்டில் நுழைய முடியவில்லை. சமாதானம் பேச நல்லவர்களை அனுப்புகிறார். இன்னும் அவர் பேச்சை எடுத்தால் உயிரை விட்டுவிடுவேன் என்று பரவையார் சொல்லிவிடுகிறார். நள்ளிரவில் சுந்தரர் சிவனிடம் அழ, சிவன் கோயில் அர்ச்சகராக வேடம் போட்டுக்கொண்டு பரவையார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். சங்கிலியிடம் கட்டுப்பட்டவருக்கு இங்கே என்ன வேலை என்று பரவையார் மறுத்துவிடுகிறார். தோற்றுத் திரும்பிய சிவனைச் சுந்தரர் மறுபடி அனுப்புகிறார். இரண்டாம் முறை சொந்த உருவத்தில், பூதகணங்களோடு போகிறார். பரவையார் இணங்குகிறார்.

வேடம் தோற்றது, நிஜ உருவம் ஜெயித்தது என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சிவன் முதல் முறையே சிவனாக வந்திருந்தால் பரவையார் என்ன செய்திருப்பார்? காலில் விழுந்திருப்பார், கோபத்தை விழுங்கியிருப்பார். அடியாராகப் பணிந்திருப்பார்; மனைவியாக மனசு ஆறியிருக்காது. அர்ச்சகரிடம் என்பதால்தான் உள்ளே இருந்ததைக் கொட்ட முடிந்தது. கேட்க வேண்டியவர் அதைக் கேட்டுவிட்டார். அந்தப் பொய் வேடம் இல்லாமல் இரண்டாம் வருகைக்கு அர்த்தமே இல்லை.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் காதில் போட ஒரு வழி வேண்டும். நம் சங்கப் புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. குறுந்தொகையில் பல பாட்டுகளின் அடிக்குறிப்பில், தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி தலைவிக்குச் சொன்னது என்ற சூழல் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான். தோழிக்கு அது தெரியும். அவன் பக்கம் திரும்பாமல் தலைவியிடம் பேசுகிறாள்: அம்மா காவலை இறுக்கிவிட்டாள், ஊர் வாய் மூடவில்லை, இப்படியே எத்தனை நாள்? சீக்கிரம் வந்து பெண் கேள் என்று அவனைத் திட்டினால் அவள் மரியாதை குறையும், அவன் வீம்பும் கூடும். வேலிக்கு மேலாகப் போன சொல் இரண்டையும் தவிர்க்கிறது.

1600-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ இதே வேலியைத் தோட்டத்துக் கொடிப்பந்தலாக்கியது. பெனடிக்கும் பியாட்ரிஸும் சந்தித்தால் வாய்ச்சண்டைதான். நண்பர்கள் திட்டம் போடுகிறார்கள். பெனடிக் ஒளிந்திருப்பது தெரிந்தே, பியாட்ரிஸ் அவன்மேல் உயிரை வைத்து உருகுவதாகப் பேசுகிறார்கள். ஹீரோ, உர்சுலா என்ற பெண்கள் இருவரும் பியாட்ரிஸின் காதுக்கு அதையே மாற்றிப் பேசுகிறார்கள். நண்பர்களைப் பொறுத்தவரை அது கட்டிவிட்ட கதை. ஆனால் நாடகம் தொடங்கியதும் பியாட்ரிஸ் வாய் திறந்து கேட்கும் முதல் கேள்வியே, போருக்குப் போன பெனடிக் திரும்பினானா என்பதுதான். கேலியாகத்தான் கேட்கிறாள், ஆனாலும் கேட்கிறாள்.

பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. ஒளிந்திருந்த இருவரும் காதல் சேதியை மட்டும் கேட்கவில்லை. தங்கள் திமிரைப் பற்றிய வசவையும் சேர்த்தே கேட்கிறார்கள். பியாட்ரிஸுக்கு யாரையும் மதிக்கத் தெரியாது என்று ஹீரோ சொல்கிறாள். நேரில் சொல்லியிருந்தால் ஹீரோவை வார்த்தையாலேயே கிழித்திருப்பாள். மறைவில் நின்றதால் பதில் பேச முடியவில்லை; முழுதாகக் கேட்டாள், மாறினாள். மறைவில் நிற்பது கெடுக்கவும் செய்யும். அதே நாடகத்தில் ஹீரோவை மணக்க இருந்த க்ளாடியோவை ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, பொய்க் காட்சி ஒன்றைக் காட்டி, ஹீரோவின் கல்யாணத்தை நின்றுபோகச் செய்கிறான் வில்லன். அவனுடைய ஆள் ராத்திரித் தெருவில் அதைப் பீற்றிக்கொள்வதைக் காவல்காரர்கள் ஒட்டுக்கேட்டதால்தான் அந்தச் சதி வெளிவருகிறது.

திருவூடல் தெருவில் ஒளிந்து கேட்க வேலியும் இல்லை, பந்தலும் இல்லை. ஊரே நின்று பார்க்கிறது. வேங்கிக்காலிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டிகளும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். அம்மன் முகம் திருப்பிப் போகும்போது அருகில் நிற்பவரை ஓரக்கண்ணால் பார்க்கிற பெண்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

அடுத்த வாரம் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. விடிய விடிய நடக்கிற தர்க்கத்தில் வள்ளி ஒரு இடத்திலும் விட்டுக்கொடுப்பதில்லை. வேடனாகவும் கிழவனாகவும் வருகிற முருகனுக்கு அண்ணன் யானையாக வந்து உதவ வேண்டியிருக்கிறது.

(தொடரும்)