யானை பிஷப் ஆன கதை தெரியுமா?

வீட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் செஸ் செற்றை எடுங்கள். பிஷப்பின் தலையில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டின் பூர்வீகம் யானைத் தந்தம், தெரியுமா?

இந்தியச் சதுரங்கத்தின் யானை பாரசீகம் போய், அங்கிருந்து அரபு நாடுகளுக்குப் போனது. அங்கத்தைய கைவினைஞர்கள் உருவம் செதுக்குவதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். உருண்டையாய் ஒரு கட்டை, மேலே தந்தங்களுக்கு அடையாளமாக இரண்டு முனை. அவ்வளவுதான் யானை! அது ஐரோப்பாவில் கால் வைத்ததும் ஆங்கிலேயர் அந்த இரு முனைகளையும் ஆயரின் தொப்பியாக்கிவிட்டார்கள். பிரான்சிலோ அதே காய் அரசவைக் கோமாளி! தொப்பியின் பிளவுதான் இன்றைய வெட்டு. காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் பிள்ளைகள் குறுக்கே ஓட்டுவது வேஷம் மாறிய யானையைத்தான்.

அந்த உருவமில்லாக் காய்களைப் பார்க்க வேண்டுமா? ஈரானின் நிஷாப்பூரில் 12ஆம் நூற்றாண்டில் செய்த செற் ஒன்று, கிட்டத்தட்ட முழுசாக, நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில் இருக்கிறது. ஒரு படை பச்சைநீலப் பளபளப்பு, எதிர்ப்படை ஊதா. நேற்றுச் செய்ததென்றால் நம்பிவிடலாம்.

பாரிஸில் ‘சார்லமேன் சதுரங்கம்’ என்று பிரமாண்டமான தந்தக் காய்கள் உண்டு. மன்னர் சார்லமேன் இறந்தது 814இல்; காய்கள் பிறந்ததோ 11ஆம் நூற்றாண்டில்! பழம்பொருள் வாங்குகிறவர்களே, பெரிய பெயர் காதில் விழுந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

வங்காளத்து முர்ஷிதாபாத்தில் கிழக்கிந்தியக் கம்பனிக்காரர்களுக்காகச் செதுக்கிய செற்களில் ஒரு பக்கம் கம்பனிச் சிப்பாய்கள், மறுபக்கம் இந்திய அரசர் படை, ராஜாக்கள் அம்பாரி வைத்த யானைமேல்! நாட்டைப் பிடித்தவர்கள் அதையே மேசையில் வைத்து விளையாடியிருக்கிறார்கள். 1922இல் சோவியத் கலைஞர் நத்தாலியா டாங்கோ பீங்கானில் செய்த செற் இன்னும் காரம்: ஒரு படையின் ராஜா எலும்புக்கூடு, சிப்பாய்கள் சங்கிலியில் கட்டுண்ட தொழிலாளர். எதிரே செம்படை!

இன்று எல்லோரும் விளையாடுகிற வடிவத்துக்கு ஸ்டோன்டன் என்று பெயர். ஹோவர்ட் ஸ்டோன்டன் அதை வடிவமைக்கவேயில்லை! 1849இல் பதிவு செய்தவர் நதானியல் குக். ஸ்டோன்டன் அக்காலத்துப் பெரிய ஆட்டக்காரர். பெயரை மட்டும் கொடுத்தார். இப்போது இந்த வடிவத்தில் உலகம் தேடி வாங்கும் நல்ல மரச் செற்களில் பல பஞ்சாபின் அமிர்தசரஸில் பிறக்கின்றன. ராஜா, ராணி, சிப்பாயின் உருண்ட உடம்பெல்லாம் கடைசல் இயந்திரத்திலேயே திரண்டுவிடும். குதிரை மட்டும் மசியாது. பிடரி, மூக்குத்துவாரம், பல் என்று ஒவ்வொன்றாக உளியால் எடுக்க வேண்டும். அதனால் விலை பேசுமுன் விஷயம் தெரிந்தவர்கள் முதலில் தூக்கிப் பார்ப்பது குதிரையை. நானும் அப்படித்தான், வாங்கக் காசில்லாவிட்டாலும்!

கறுப்புக் காய்க்குப் பேர்போன மரம் கருங்காலி. நம் உலர்வலயக் காடுகளில் வளர்கிற இனத்துக்கு உலகச் சந்தையில் பெயரே ‘சிலோன் கருங்காலி’!

விண்வெளியிலும் ஆடியிருக்கிறார்கள். 1970 ஜூனில் சோயுஸ் 9 வீரர்கள் தரையிலிருந்தவர்களோடு மோதினார்கள். காந்தம் கருவிகளைக் குழப்புமென்று, காய்கள் பலகையின் பள்ளங்களில் மாட்டி நகரும்படி தனிச் செற். ஆட்டம் சமநிலை.

கடைசியாக, தலைசுற்றும் கதை. 1831இல் ஸ்கொட்லாந்தின் லூயிஸ் தீவில் வால்ரஸ் தந்தத்தில் செய்த காய்க் குவியல் ஒன்று வெளிப்பட்டது. கோட்டைக் காய்களில் சில, வெறியில் கேடயத்தையே கடிக்கும் போர்வீரர்! ராணிகளோ கன்னத்தில் கை வைத்தபடி. பெரும்பாலானவை பிரித்தானிய நூதனசாலைக்குப் போயின. ஐந்து காய்கள் குறைந்தன. 1964இல் எடின்பரோ வியாபாரி ஒருவர் 5 பவுணுக்கு ஒரு காய் வாங்கினார். குடும்பத்தினர் அருமை தெரியாமல் லாச்சிக்குள் போட்டு வைத்திருந்தார்கள். 2019இல் சொதபீஸ் ஏலத்தில் அது போன விலை 7,35,000 பவுண்! காணாமற்போன கோட்டைகளில் ஒன்று அது.

இன்னும் மூன்று கோட்டையும் ஒரு குதிரையும் அகப்படவில்லை. அம்மம்மாவின் லாச்சியை எதற்கும் ஒருக்கால் கிளறிப் பாருங்கள்!