கால் மைல் ஓட எங்கே இடம்?

புதுதில்லி: மோட்டார் வாகனத் திருத்த மசோதா 2019 ஜூலையில் மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் வந்தபோது, மாநிலங்களின் உரிமை பறிபோவது பற்றியும் அபராத உயர்வு பற்றியுமே உறுப்பினர்கள் பெரிதும் கவலைப்பட்டனர். 189-ஆவது பிரிவு அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. பொது இடத்தில் வாகனப் பந்தயம் நடத்துவோருக்கும் பங்கேற்போருக்கும் அதுவரை ஒரு மாதச் சிறை அல்லது 500 ரூபாய் அபராதம். திருத்தத்துக்குப் பின் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய். மீண்டும் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை.

தண்டனை உயர்ந்தது. இளைஞர்கள் ஓட்டிப் பார்க்க இடம் உயர்ந்ததா என்றால், இல்லை.

கொச்சியை அடுத்த வல்லார்பாடம் இதற்கு நல்ல சாட்சி. 2011 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்த சரக்குப் பெட்டக முனையத்துக்காக, களமசேரியிலிருந்து சுமார் 17 கி.மீ. நீளத்துக்குக் காயலும் சதுப்பும் கடந்து சாலை போடப்பட்டது. இத்திட்டத்துக்காக வீடிழந்தவை 316 குடும்பங்கள். 2008-இல் மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்ட காட்சி கேரள அரசியலையே உலுக்கியது. மறுவாழ்வு கேட்டு அம்மக்கள் நடத்திய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இத்தனை விலை கொடுத்துப் பெற்ற, கண்ணுக்கெட்டிய தூரம் நேராகக் கிடக்கும் இச்சாலை, இரவில் வேகப்பிரியர்களின் கால்களை அரிக்கச் செய்வதில் வியப்பில்லை. ஓரத்தில் விளக்கின்றி நிற்கும் கண்டெய்னர் லாரிதான் அங்கே எமன்.

ஒரு கார் கிளப் முறையான 'டிராக்' தடத்தில் கழிக்கும் நாள் இதற்கு நேர்மாறானது. காலையில் முதல் வேலை பரிசோதனை: தலைக்கவசம், இருக்கைப் பட்டை, பிரேக், பேட்டரி இணைப்பு, எண்ணெய்க் கசிவு. ஏதேனும் ஒன்றில் குறை இருந்தாலும் கார் ஓரங்கட்டப்படும். பிறகு இரண்டிரண்டு கார்களாகக் கோட்டுக்கு வருகின்றன. தரையில் தண்ணீர் தெளித்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, டயரைச் சூடேற்றுகிறார்கள். மஞ்சள் விளக்குகள், அடுத்து பச்சை. முந்திப் பாய்ந்தால் சிவப்பு, ஓட்டம் தோற்றது. தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். சாதாரணக் குடும்பக் கார் அதைக் கடக்க 18 விநாடி அளவில் ஆகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பச்சை எரிந்த பின் ஓட்டுநர் எடுத்துக்கொள்ளும் நேரம் தனி; கார் கோட்டை விட்டு நகர்ந்த பின் ஓடும் நேரம் தனி. எனவே மெதுவான காரும் விழிப்பான ஓட்டுநரால் முதலில் வந்துவிடலாம். பார்வையாளர் கண்ணில் படாதது, முடிவுக் கோட்டுக்கு அப்பால் நீளும் வெற்றுப் பாதை. நிற்பதற்கான அந்த இடமும், தயாராக நிற்கும் ஆம்புலன்சும்தான் தடத்துக்கும் சாலைக்கும் உள்ள வேறுபாடு.

தமிழகத்துக்கு இது புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில், 1950-களிலிருந்தே சென்னை மோட்டார் பந்தய மன்றம் பந்தயங்களை நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் அமைந்தது. 2003-இல் கோவை அருகே கரி ஸ்பீட்வே வந்தது. கொச்சி இளைஞர் முறையாக ஓட்ட வேண்டுமானால், கோவைக்கு வரவேண்டும்.

வரும் வழியிலும் சிக்கல். உற்பத்தியாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு கேரளத்திலிருந்து வந்ததுதான். மாற்றங்களுக்கு இடம் கொடுத்த அம்மாநில உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ரத்தானது. ஆக, பந்தயத்துக்கென மாற்றிய காரை வேறொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதே பாதுகாப்பு. அதற்கு வசதி உள்ளவர் எத்தனை பேர்?

தில்லியின் மனநிலையும் உதவவில்லை. 2009-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதி கேட்டபோது, இது விளையாட்டைவிடக் கேளிக்கையே என மத்திய விளையாட்டு அமைச்சகம் கைவிரித்தது. கோடிகள் புரளும் பந்தயத்துக்கு அவ்வாதம் பொருந்தலாம். சொந்தக் காருடன் ஞாயிறன்று வரும் கிளப் உறுப்பினருக்குமா?

189-ஆவது பிரிவை மீண்டும் படித்தால் ஒரு சொற்றொடர் தென்படுகிறது: மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் இன்றி நடத்தினால்தான் குற்றம். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளிலேயே ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. மாநில அரசே முன்னின்று நடத்தியது. ஒரு நாள், ஒரு நேர்பாதை, ஓர் ஆம்புலன்ஸ் என்று ஒரு கார் கிளப் விண்ணப்பித்தால் கையெழுத்திட வேண்டியது தில்லி அல்ல, திருவனந்தபுரமும் சென்னையும்தான்.